குழாய்களை வெளியே மாட்டிய கட்டடம்

ஒரு கட்டடத்தில் எது முதலில் பழசாகும்? தூணும் உத்தரமும் இல்லை, அதெல்லாம் நமக்கு அப்புறமும் நிற்கும். முதலில் போவது குழாய், ஒயர், மோட்டார், ஏசி. பாத்ரூம் சுவருக்குள்ளே பதித்த பைப்பில் ஒரு சின்னக் கசிவு வந்து, அதைத் தேடி நல்லா இருக்கிற டைல்ஸை எல்லாம் உடைத்தவர்களுக்கு இது தெரியும். பத்து வருஷத்தில் கெட்டுப்போகிற ஒரு பொருளை, நூறு வருஷம் இருக்கப்போகிற ஒரு பொருளுக்குள் புதைத்து வைக்கிறோம். கெட்டுப்போனால் இரண்டையும் சேர்த்து உடைக்கிறோம்.

ஃப்ராங்க் டஃபி என்ற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் இதை அழகாகப் பிரித்துச் சொன்னார். கட்டடம் என்பது ஒரே பொருள் இல்லை, வெவ்வேறு ஆயுள் கொண்ட அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதுதான் கட்டடம். ஸ்டூவர்ட் ப்ராண்ட் 1994-ல் எழுதிய 'ஹவ் பில்டிங்ஸ் லேர்ன்' புத்தகத்தில் இதை இன்னும் விரித்தார். அவர் கணக்குப்படி எலும்புக்கூடு 30 முதல் 300 வருஷம், குழாய்-ஒயர் வகையறா 7 முதல் 15 வருஷம். சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது கேட்ட மாதிரி இருக்கும். சீக்கிரம் மாறுகிறதை மெதுவாக மாறுகிறதோடு ஒட்டாதேன்னு நாமும் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பிறகு நாமே ஒட்டி வைக்கிறோம், அது வேறு கதை.

இந்தத் தத்துவத்தை எழுத்தில் வருவதற்கு முன்பே, கிட்டத்தட்ட வெறித்தனமாக, ஒரு முழுக் கட்டடமாகவே கட்டிப் பார்த்தார்கள். பாரிஸ் நகரத்து நடுவில் இருக்கும் பொம்பிடூ மையம்தான் அது. பிரான்ஸ் நாட்டின் தேசிய நவீனக் கலை மியூசியம் இருக்குமிடம். நவீனம், சமகாலம் இரண்டையும் சேர்த்து ஐரோப்பாவின் மிகப் பெரிய சேகரிப்பு அந்த மியூசியத்தினுடையதுதான். படத்தில் பார்த்திருப்பீர்கள். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குழாய் குழாயாக, ஏதோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைக் கொண்டுவந்து ஊர் நடுவில் இறக்கிய மாதிரி இருக்கும். திறந்தபோது பாரிஸ்காரர்களும் அப்படித்தான் கேலி பண்ணினார்கள்.

நான் பாரிஸ் போனதில்லை. இந்தக் கட்டுரை வரைபடங்கள், பொறியியல் குறிப்புகள், கூடவே இரண்டு மூன்று வருஷமாக விட்டுவிட்டுப் படித்ததை வைத்து எழுதியது. எனக்கு அங்கே தொங்கும் ஓவியங்களைவிட, 'எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்' என்று ஒரு வாக்குறுதி கொடுத்து எழுந்த கட்டடம், அந்த வாக்குறுதியை எவ்வளவு தூரம் காப்பாற்றியது என்பதில்தான் ஆர்வம்.

முதலில் கதைச் சுருக்கம். பொபூர் என்ற அந்த இடத்தில் இருந்த பழைய நெரிசலான வீடுகளை 1930-களில் இடித்துவிட்டார்கள். பிறகு பல வருஷம் அது கார் நிறுத்துகிற இடமாகக் கிடந்தது. பக்கத்திலேயே இருந்த லே ஆல், அதாவது பாரிஸின் கொத்தவால் சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள், 1969-ல் ஊருக்கு வெளியே ருன்ஜிஸுக்கு மாறியது. அதே வருஷம் ஜனாதிபதியான ஜார்ஜ் பொம்பிடூ, இங்கே ஒரு கலை மையம் வேண்டும் என்று முடிவெடுத்தார். மியூசியம், பொது நூலகம், தொழில் வடிவமைப்பு மையம், இசை ஆராய்ச்சிக் கூடம், நான்கும் சேர்ந்தது. (அந்த இசை ஆராய்ச்சிக் கூடம்தான் இர்காம். மேக்ஸ் என்ற இசை நிரல் மொழி 1980-களில் அங்கேதான் பிறந்தது. நம்ம தொழிலுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் அப்படி ஒரு தூரத்து உறவு உண்டு.)

உலக அளவில் போட்டி வைத்தார்கள், 681 வரைபடங்கள் வந்தன. 1971 ஜூலையில் ஜெயித்தது ரென்சோ பியானோ என்ற இத்தாலியரும் ரிச்சர்ட் ரோஜர்ஸ் என்ற பிரிட்டிஷ்காரரும் சேர்ந்த ஒரு சின்ன அணி. இருவருக்கும் முப்பது சொச்சம் வயது. பெரிதாக எதுவும் கட்டியிராதவர்கள். ரோஜர்ஸுக்குப் போட்டியில் கலந்துகொள்ளவே மனசில்லை. ஓவ் ஆரப் கம்பெனியின் பொறியாளர் டெட் ஹாப்போல்டுதான் அவர்களை இழுத்து வந்தார். நடுவர் குழுத் தலைவர் ழான் ப்ரூவே. இவர் கட்டடக் கலைப் பட்டம் வாங்காதவர், இரும்புப் பட்டறையில் தொழில் கற்றவர். உலோகத் தகட்டில் வீடு செய்து பார்த்த மனுஷர் நடுவராக இருந்தது இந்த அணிக்கு அதிர்ஷ்டம்னுதான் நினைக்கிறேன்.

அவர்கள் யோசனை என்ன? உள்ளே எதுவுமே இருக்கக் கூடாது. தூண் கூடாது, படிக்கட்டு கூடாது, லிஃப்ட் கூண்டு கூடாது, கழிவுநீர்க் குழாய் இறங்கும் குழி கூடாது. ஒவ்வொரு மாடியும் ஒரே வெற்றுத் தளம். இன்றைக்கு ஓவியம், நாளைக்கு நூலகம், நாளை மறுநாள் நாடகம். லண்டனில் செட்ரிக் ப்ரைஸ் என்பவர் 1960-களில் 'ஃபன் பேலஸ்' என்று ஒன்றை வரைந்திருந்தார். வேண்டும்போது சுவரையும் தரையையும் கிரேன் வைத்து நகர்த்திக்கொள்ளும் ஒரு மாபெரும் கொட்டகை. அது கட்டப்படவே இல்லை. பொபூர் அதன் நேர் வாரிசு.

உள்ளே எதுவும் வேண்டாம் என்றால் எல்லாம் எங்கே போகும்? வெளியேதான். கட்டடத்தின் நீளம் 166 மீட்டர். குறுக்கே தூணுக்குத் தூண் 48 மீட்டர். தூண்களுக்கு வெளியே இரண்டு பக்கமும் ஏறக்குறைய 6 மீட்டர் அகலத்துக்கு ஒரு திறந்த பட்டை, ஆக மொத்தம் 60 மீட்டர். கிழக்குப் பக்கப் பட்டையில் குழாய்களும் காற்றுப் பாதைகளும். மேற்குப் பக்கம், அதாவது சதுக்கத்தைப் பார்த்த பக்கம், மனுஷங்க நடமாட்டம். கண்ணாடிக் குழாய்க்குள் எஸ்கலேட்டர் முகப்பில் குறுக்காக ஏறிப் போவது அதில்தான்.

இங்கேதான் பொறியியல் சுவாரசியமாகிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

48 மீட்டர் தூரத்தை நடுவில் தூணில்லாமல் தாண்ட வேண்டும். அதுவும் கூரைக்கு இல்லை, ஆயிரக்கணக்கான ஜனங்களும் புத்தக அலமாரிகளும் நிற்கும் தரைக்கு, ஆறு மாடிக்கு. சாதாரணமாக என்ன செய்வார்கள்? ஒரு பெரிய இரும்புச் சட்டகத்தைத் தூணில் நேராக மாட்டுவார்கள். அப்படி மாட்டினால் சட்டகம் பளுவில் வளையும்போது தூணையும் சேர்த்து வளைக்கப் பார்க்கும். அதைத் தாங்கத் தூண் தடிமனாக வேண்டும். அப்புறம் வெளியே அந்த 6 மீட்டர் பட்டையை எது தாங்குவது?

ஓவ் ஆரப் பொறியாளர்கள், முக்கியமாகப் பீட்டர் ரைஸ் என்ற ஐரிஷ்காரர், ஒரே துண்டில் இரண்டுக்கும் பதில் சொன்னார்கள். அதன் பெயர் ஜெர்பெரெட். ஹைன்ரிக் ஜெர்பர் என்ற 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பாலப் பொறியாளரின் பெயரிலிருந்து வந்தது. கரையிலிருந்து கைகளை நீட்டி, அந்தக் கைகளின் நுனியில் நடுப் பாலத்தைத் தொங்கவிடுவது அவர் வழி. நம்ம ஹவுரா பாலம் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

ஜெர்பெரெட்டைப் புரிந்துகொள்ள கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கால், அதன்மேல் குறுக்காக ஒரு மரம், ஒரு முனையில் சால், மறு முனையில் எதிர் எடை. இங்கே கால் என்பது தூண். குறுக்கு மரம் என்பது 8 மீட்டருக்கு மேல் நீளமும் சுமார் 10 டன் எடையும் உள்ள ஒரு வார்ப்பு எஃகுத் துண்டு. அது தூணில் இறுகப் பற்ற வைக்கப்படவில்லை, ஒரு கட்டையாணியில் உட்கார்ந்து ஆடக்கூடிய மாதிரி இருக்கிறது. அதன் குட்டைக் கை உள்பக்கம் 1.6 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் 44.8 மீட்டர் நீளமுள்ள தரைச் சட்டகம் வந்து உட்காரும். நீளக் கை வெளிப்பக்கம் சுமார் 6 மீட்டர் போகும். அதன் நுனியைச் செங்குத்தான ஒரு எஃகுக் கம்பி கீழே தரையோடு இழுத்துப் பிடிக்கிறது.

பி.இ. முதல் வருஷ மெக்கானிக்ஸ் போதும், கணக்குப் போடலாம். சட்டகத்தின் முனை 100 டன் அழுத்தினால், 100 × 1.6 = 160. மறு பக்கம் 6 மீட்டரில் அதைச் சமன் செய்ய 160 ÷ 6, கிட்டத்தட்ட 27 டன் இழுவை போதும். 100 டன்னை 27 டன் பிடித்து நிறுத்துகிறது. தூணுக்கு 127 டன் நேர்கீழாக மட்டும் இறங்கும், வளைக்கும் விசை இல்லை. அதனால் தூண் மெல்லிசாக இருக்கலாம். வெளிக் கம்பியோ கயிறு மாதிரி இழுபடுவது மட்டும்தான் வேலை, அதனால் அது இன்னும் மெல்லிசு. தூரத்திலிருந்து பார்த்தால் அவ்வளவு பெரிய கட்டடம் வலை பின்னின மாதிரி இருப்பதற்கு இந்தச் சின்னக் கணக்குத்தான் காரணம். கூடவே, அந்த நீளக் கையே எஸ்கலேட்டரும் நடைபாதையும் உட்கார இடம் கொடுத்துவிடுகிறது.

எஃகை உருட்டித் தகடாக்கி ஒட்டாமல், மண் அச்சில் ஊற்றி வார்த்தது ஏன்? விசை எங்கே அதிகமோ அங்கே தடிப்பாக, குறைகிற இடத்தில் ஒல்லியாகச் செய்ய வார்ப்பில்தான் முடியும். ரைஸுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. ஆலையில் வந்த ஐ-பீம் மாதிரி முகமில்லாமல் இருக்கக் கூடாது, செய்த கை தெரிய வேண்டும். ஜெர்மனியில் க்ரப் ஆலை வார்த்துக் கொடுத்தது. ஆரம்பச் சோதனையில் எதிர்பார்த்த பளுவைத் தாங்குவதற்கு முன்பே உடைந்தது. கண்ணாடி மாதிரி பட்டென்று முறிகிற வகை உடைப்பு. மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தி, சோதித்து, அப்புறம்தான் ஏற்றினார்கள். கட்டடம் திறந்த பிறகு ஒரு வயதான பெண்மணி அங்கே உட்கார்ந்து ஜெர்பெரெட்டைக் கையால் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக ரைஸ் பின்னாளில் எழுதினார். அவருக்கு விருது வாங்கின மாதிரி இருந்திருக்கும்.

நிறங்களுக்கு வருவோம். அவை அலங்காரம் இல்லை, ஒயரிங் வரைபடம். நீலம் காற்று, பச்சை தண்ணீர், மஞ்சள் மின்சாரம், சிவப்பு மனுஷங்க நடமாட்டம். எதில் பிரச்சினையோ தெருவில் நின்றே விரலை நீட்டிக் காட்டலாம்.

எல்லாத்தையும் திறந்து காட்டுகிற கட்டடம் என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தீ விபத்து விதிகள் இருக்கிறதே. எஃகு சூட்டில் தளர்ந்துபோகும். அதனால் உள்ளே தெரிகிற தரைச் சட்டகங்களைத் தீத்தடுப்புப் பொருளால் சுற்றி, மேலே துருப்பிடிக்காத எஃகுச் சட்டை போட்டிருக்கிறார்கள். நாம் பார்ப்பது எலும்பு இல்லை, எலும்புக்குப் போட்ட உறை. தூண்களுக்கு வேறு வழி: குழாய் மாதிரி உள்ளே காலி, அதில் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். தீப்பிடித்தால் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். எனக்கு இந்த இரண்டாவது வழி ரொம்பப் பிடித்திருக்கிறது.

போட்டியில் காட்டியதில் பாதி வழியிலேயே போனது. மாடித் தளங்களே மேலும் கீழும் நகரும் என்றார்கள், நடக்கவில்லை. தரைத்தளம் முழுக்கத் திறந்து கிடக்கும் என்றார்கள், அதுவும் இல்லை. முகப்பே ஒரு பெரிய தகவல் திரையாக இருக்கும் என்றார்கள், அரசாங்கம் விடவில்லை. 1974-ல் பொம்பிடூ இறந்துபோனார். திட்டமே நின்றுவிடும் என்று பயந்த காலம் ஒன்று இருந்தது. எப்படியோ 1977 ஜனவரி 31 அன்று திறந்தார்கள்.

சரி, அந்த வாக்குறுதி என்ன ஆனது?

மியூசியத்தின் முதல் இயக்குநர் போன்டஸ் ஹுல்டன், ஸ்வீடன்காரர். அவர் இந்தத் திறந்த வெளியை உண்மையிலேயே நம்பினார். சுவர்கள் குறைவு, தடுப்புப் பலகைகள்தான். 'கினகோதேக்' என்று ஒன்று வைத்தார்கள். இடமில்லாத ஓவியங்களைப் பலகைகளில் மாட்டி மேலே தொங்கவிட்டு, பார்க்க வேண்டும் என்று கேட்டால் மோட்டார் வைத்துக் கீழே இறக்குவது. கேட்டால் கிடைக்கும் ஓவியம்! நினைக்கவே நல்லா இருக்கிறது.

ஆனால் ஓவியத்துக்கு என்ன தேவை? ஒரு சுவர். அதன் முன்னால் நிற்கக் கொஞ்சம் அமைதி. மத்தீஸின் ஒரு ஓவியத்துக்கு முன்னால் நிற்கும்போது, தலைக்கு மேலே காற்றுப் பாதைகளும் பக்கத்தில் ஐம்பது மீட்டர் தள்ளி நடக்கிறவர்களும் தெரிந்துகொண்டே இருந்தால் கண் ஓவியத்தில் நிற்குமா? 1985-ல், திறந்து எட்டே வருஷத்தில், கே அவுலெந்தி என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞரைக் கூப்பிட்டார்கள். ஓர்சே ரயில் நிலையத்தை மியூசியமாக மாற்றிய அதே அவுலெந்தி. அவர் நான்காம் மாடியில் அறை அறையாக, நடைவழி விட்டு, வெள்ளைச் சுவர் எழுப்பினார். கினகோதேக்கும் போனது. 48 மீட்டர் தூணில்லாத தளத்துக்குள் ஒரு பழைய பாணி மியூசியம் வந்து உட்கார்ந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முன்பு வேலை பார்த்த இடம் ஒன்றில், 'எந்த வாடிக்கையாளருக்கும் பொருந்தும்' என்று ஒரு தளத்தை இரண்டு வருஷம் எழுதினோம். எல்லாமே அமைப்புக் கோப்பில் மாற்றலாம். வந்த வாடிக்கையாளர் எல்லோரும் ஒரே மாதிரி நாலு திரை கேட்டார்கள். எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்பது செய்கிறவனுக்குத் தரும் சந்தோஷத்தை, பயன்படுத்துகிறவனுக்குத் தருவதில்லை.

அதனால் பொபூரின் வளைந்துகொடுக்கும் தன்மை தோற்றுவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அவுலெந்தி அந்தச் சுவர்களை எழுப்ப ஒரு தூணையும் தொட வேண்டியிருக்கவில்லை. 1997-ல் பெரும்பகுதியை மூடி, பியானோவும் ழான்-ஃப்ரான்சுவா போதானும் மறுபடி எல்லாம் மாற்றினார்கள். அலுவலகங்கள் வெளியே போயின, மியூசியத்துக்கு இடம் கூடியது, நூலகத்துக்குத் தனி வாசல் வந்தது. 2000 ஜனவரி 1 அன்று திறந்தபோது வெளியே அதே கட்டடம், உள்ளே வேறு. தோற்றது 'இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று' என்ற கனவு. பத்து பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை முழுசாக மனசை மாற்றிக்கொள்ளும் உரிமை இருக்கிறதே, அது கிடைத்துவிட்டது.

எனக்கு இருக்கும் சந்தேகம் குழாய்களைப் பற்றியது. வெளியே மாட்டினால் எட்டுவது சுலபம், சரி. ஆனால் வெளியே என்றால் மழை, பனி, வெயில், பாரிஸ் தெருப் புகை. சுவருக்குள் இருந்திருந்தால் சுவர் தாங்கியிருக்கும். இங்கே குழாயே தோலாகவும் இருக்க வேண்டும். பராமரிப்பு சுலபமாகத்தான் ஆனது, ஆனால் அதன் தேவையும் கூடிவிட்டது. அதோடு 1971-ல் வரைந்த கண்ணாடி முகப்பு, எண்ணெய் நெருக்கடிக்கு முந்தைய மனசு. எரிபொருள் விலை பற்றிக் கவலை இல்லாதது. முகப்பில் ஆஸ்பெஸ்டாஸ் வேறு. 1997-ல் ஒரு பெரிய மூடல் முடிந்து, இப்போது 2025-ல் அடுத்தது. 2030 வரை வேலை நடக்கும். ஆஸ்பெஸ்டாஸை எடுப்பது, கண்ணாடியை மாற்றுவது, தீப் பாதுகாப்பு, சக்கர நாற்காலிக்காரர்களுக்கு வழி. தொழில்நுட்ப வேலைக்கு மட்டும் அரசின் கணக்கு 26 கோடியே 20 லட்சம் யூரோ. ஐம்பது வருஷத்தில் இரண்டு பெரிய அறுவைச் சிகிச்சை. சுலபமாகப் பழுதுபார்க்கவே வடிவமைத்த கட்டடத்துக்கு!

இதில் வேடிக்கை, ஜனங்களுக்குப் பிடித்துப்போனது மாற்றவே முடியாத இரண்டு விஷயங்கள். ஒன்று, சதுக்கம். போட்டியில் கிடைத்த இடத்தில் பாதியில்தான் கட்டடத்தை வைத்தார்கள், மீதியைச் சரிவான வெற்றுவெளியாக விட்டார்கள். வித்தை காட்டுகிறவர்களும் சும்மா உட்கார்ந்திருப்பவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்று எஸ்கலேட்டர். ஏறிப் போகப் போக பாரிஸ் கூரைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். ஆரம்பத்தில் அதற்குக் காசில்லை, யாரும் ஏறலாம். கலையைப் பார்க்காமல் ஊரைப் பார்த்துவிட்டு இறங்கியவர்கள் ஏராளம். 2000-க்குப் பிறகு அதற்கு டிக்கெட் வைத்தார்கள். ஒரு ஆணியைக்கூட மாற்றாமல் கட்டடத்தின் குணத்தையே மாற்றிய முடிவு அது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முகப்பில் ஏறும் அந்த வழியைத் தெருவின் தொடர்ச்சியாகத்தான் வரைந்திருந்தார்கள். தெருவுக்கு யாராவது டிக்கெட் கேட்பார்களா?

காசில்லாமல் மிஞ்சியது நூலகம். அடையாள அட்டை வேண்டாம், பதிவு வேண்டாம், ராத்திரி பத்து மணி வரை யாரும் உட்காரலாம் என்று இருந்தது. படிக்க வந்த மாணவர்களின் வரிசை ரொம்பப் பிரசித்தமாக இருந்தது.

2025-ல் கட்டடத்தை மூடுவதற்காக அந்த நூலகத்தை முதலில் காலி செய்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் மாடியில் கிட்டத்தட்ட 6,000 சதுர மீட்டர் தளம் திடீரென்று வெறுமையானது. அதை வோல்ஃப்காங் டில்மன்ஸ் என்ற ஜெர்மன் புகைப்படக் கலைஞரிடம் கொடுத்தார்கள். அவர் நூலகத்தின் பழைய கம்பளத்தையும் மிச்சமிருந்த மேசை அலமாரிகளையும் அப்படியே விட்டு, அவற்றுக்கு நடுவே தன் படங்களை வைத்தார். ஜூன் நடுவில் ஆரம்பித்த கண்காட்சி செப்டம்பர் 22 வரை நடந்தது. அதோடு கட்டடத்தில் கண்காட்சிகள் நின்றன.